வயர் எங்கே போகிறதென்று முதலில் பாருங்கள்

எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது மூன்றாவது பிராட்பேண்ட் இணைப்பு. முதல் இரண்டையும் விலையைப் பார்த்து எடுத்தேன். மூன்றாவதை எடுப்பதற்கு முன் எந்தக் கம்பெனிக்கும் போன் போடவில்லை. சொசைட்டி செகரட்டரியிடம் சாவி வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். அன்றைக்கு அங்கே கழித்த முக்கால் மணி நேரம் அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீடு மும்பை தாராவியில், 90 அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு கல்லியில், அதாவது சந்தில். குடிசைகளுக்குப் பதிலாகக் கட்டிக்கொடுத்த எஸ்.ஆர்.ஏ. கட்டடம், ஐந்தாம் மாடி, 225 சதுர அடி. அதற்குள் நான், அவர், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகன், எட்டாம் வகுப்பு மகள், அத்தை என்று ஐந்து பேர். நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். தோல் பை தைக்கிறவர்கள், 13ஆம் காம்பவுண்ட் என்கிற பகுதியில் பிளாஸ்டிக் வாங்கி விற்கிறவர்கள், ஒரு இட்லி மாவுக் கடை, இரண்டு துணிக் கடை என்று 14 பேருக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதுதான் என் பிழைப்பு. மாதம் 11ஆம் தேதி விற்பனை விவரம், 20ஆம் தேதி வரி. இந்த இரண்டு நாளில் இணையம் இல்லையென்றால் எனக்கு அது கடையைப் பூட்டிய மாதிரி. தாமதமானால் ஒரு ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீ. வியாபாரமே நடக்காத மாதமானாலும் 20 ரூபாய்.

வீட்டில் நாங்கள் வைத்த கணக்கு, வரியோடு சேர்த்து மாதம் 600 ரூபாய். அதற்கு மேல் இணையத்துக்குக் கொடுக்க முடியாது. மகனின் கோச்சிங் ஃபீஸ் அப்படி.

முதல் இணைப்பு 2021 ஜூன் நடுவில் வந்தது. அதற்கு முன் லாக்டவுன் காலம் முழுக்க ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் என் ரிட்டர்னும் ஓடின. அதனால் கல்லியில் எல்லோருக்கும் கேபிள் டிவி கொடுக்கிறவர் "மாதம் 350 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ்" என்று சொன்னதும் யோசிக்கவே இல்லை. 2,100 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் தரவில்லை. கணக்கு எழுதுகிற நானே பில் கேட்காமல் விட்டது இன்றுவரை மனசை உறுத்துகிறது.

வந்தது லேன் வயர். நீல நிறம், மொட்டை மாடியிலிருந்து ஜன்னல் வழியாக இறங்கியது. ஓடும்போது நன்றாகவே ஓடியது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வயரின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அது லிஃப்ட் ரூமுக்கு வெளியே, பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிய, இணையத்தைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிற ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டியில் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் லிஃப்ட் ரூமிலிருந்து. லிஃப்ட் ரிப்பேர், பம்ப் ரிப்பேர் என்று யார் மெயினை அணைத்தாலும் ஏழு மாடிக்கும் இணையம் போகும். செப்புக் கம்பி வயர் என்பதால் இடி மின்னலுக்கும் பயம். தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம்.

2022 ஜூலை 18 மாலை, விடாத மழையில் அந்தப் பெட்டி எரிந்தது. போன் போட்டால், "ஹோ ஜாயேகா பாபி, கல் லட்கா ஆயேகா" என்றார் கேபிள்காரர். சரியாகிவிடும் அண்ணி, நாளைக்குப் பையன் வருவான் என்று அர்த்தம். மறுநாளும் அதே பதில். 20ஆம் தேதி லேப்டாப்பைப் பையில் வைத்து, மேலே ரெயின்கோட்டைச் சுற்றிக்கொண்டு மாட்டுங்காவில் இருக்கும் என் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சயனில் முழங்கால் தண்ணீர். போய்ச் சேர்ந்ததே ராத்திரி எட்டரை மணிக்கு. கடைசி நாள் இரவில் ஜிஎஸ்டி வலைத்தளம் எவ்வளவு மெதுவாக நகரும் என்று ரிட்டர்ன் போடுகிறவர்களுக்குத் தெரியும். 12 மணிக்குள் எட்டுதான் முடிந்தது. மீதி ஆறை 22ஆம் தேதிதான் போட முடிந்தது. ஆறு பேருக்கு இரண்டு நாள், மொத்தம் 600 ரூபாய். அதை நானே கட்டினேன். அவர்கள் தேதிக்கு முன்பே கணக்கைக் கொடுத்திருந்தார்கள். தாமதம் என் பக்கம்தான்.

அப்போது ஒரு வேலை செய்தேன். அந்த இணைப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவழித்தேன் என்று கூட்டிப் பார்த்தேன். மூன்று அட்வான்ஸ், 6,300. மூன்றாவதில் ஐந்து மாதப் பணம் திரும்பி வரவே இல்லை. லைன் போன நாட்களில் போனுக்குப் போட்ட டேட்டா பேக் 895. லேட் ஃபீ 600. ஆக 7,795 ரூபாய். ஓடியது 13 மாதம். மாதம் 350 என்று எடுத்தது கடைசியில் மாதம் 600 ரூபாய்க்கு விழுந்திருந்தது. சரியாக நாங்கள் வைத்திருந்த எல்லைக் கோடு. அந்தக் காசுக்கு முறையான பில்லோடு ஒரு ஃபைபர் இணைப்பே எடுத்திருக்கலாம்.

இரண்டாவதாக எடுத்தது ஃபைபர்தான். நடுத்தரமான ஒரு கம்பெனி, எங்கள் பேட்டையில் அதற்கு ஒரு ஏஜென்ட். 40 மெகாபிட் வேகம், 499 ரூபாய். 18 சதவீத வரி சேர்ந்து 588 ரூபாய் 82 பைசா. ஃபைபரின் நல்ல குணம் எனக்கு இங்கேதான் புரிந்தது. கம்பெனியின் ஆபீஸுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பிரிப்பான் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம். ஒளியைக் கண்ணாடி இழையில் பல வீடுகளுக்குப் பங்கு பிரிப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்தப் பக்கம் கம்பெனியில் கரண்ட், இந்தப் பக்கம் நம் வீட்டில் கரண்ட், அவ்வளவுதான். லிஃப்ட் ரூமுக்கு யார் பூட்டுப் போட்டாலும் எனக்குக் கவலை இல்லை. கண்ணாடி என்பதால் மின்னலையும் வீட்டுக்குள் இழுத்து வராது.

பகலில் பறந்தது. சாயங்காலம் ஏழு மணியானால் படுத்துவிடும். அத்தைக்கு சீரியல் சுற்றிக்கொண்டே நிற்கும், மகனுக்கு வகுப்பில் ஆசிரியர் முகம் உறைந்து போகும். நான் கம்பெனியைத்தான் திட்டினேன். கால் சென்டரில் "வேகம் பத்தவில்லை, 100 மெகாபிட் பிளானுக்கு மாறுங்கள்" என்றார்கள். மாறினேன். 699, வரியோடு 824 ரூபாய் 82 பைசா. நான்கு மாதம் கட்டினேன், 944 ரூபாய் கூடுதல். சாயங்காலம் அதே கதை.

கடைசியில் வந்து பார்த்தவன் ஒரு தம்பி. அப்பா அம்மாவுக்கு ஊர் எங்கள் நெல்லைப் பக்கம்தான், இவன் பிறந்தது வளர்ந்தது இங்கேயே. வந்தவன் எதையும் கழற்றவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன லேன் வயரை எடுத்தான். "அக்கா, லேப்டாப்ப இதுல குத்திட்டு ஸ்பீடு பாருங்க" என்றான். 94 காட்டியது. வயரைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் பார்க்கச் சொன்னான். 7 காட்டியது. அப்போது மணி ராத்திரி எட்டரை. "லைன்ல ஒண்ணும் இல்லக்கா. உங்க பக்கத்து வீட்டுக்காரங்கதான்" என்றான். எனக்குப் புரியவில்லை. அவன் போனில் ஒரு ஆப்பைத் திறந்து காட்டினான். எங்கள் ஹாலில் நின்றபடி 31 வைஃபை பெயர்கள் தெரிந்தன.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மும்பையில் சின்ன வீட்டில் இருக்கிற நமக்கு இதுதான் பெரிய விஷயம். வைஃபை இரண்டு அலைவரிசையில் ஓடுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5. மலிவான ரவுட்டரும், "ஃப்ரீ" என்று தருகிற பழைய ரவுட்டரும் பெரும்பாலும் 2.4 மட்டும்தான். அந்த 2.4இல் ஒன்றோடொன்று இடிக்காத பாதைகள் மொத்தம் மூன்றே மூன்று: 1, 6, 11. எங்கள் கட்டடத்தில் மாடிக்கு எட்டு வீடு. எல்லார் ரவுட்டரும் அந்த மூன்று பாதையில்தான் பேசியாக வேண்டும். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியதும் நம் ரவுட்டர் தன் முறைக்குக் காத்துக்கிடக்கிறது. நம் லைன் 40 ஆனால் என்ன, 400 ஆனால் என்ன?

5 கிகாஹெர்ட்ஸில் பாதைகள் அதிகம். ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டும்போது சட்டென்று சோர்ந்துவிடும். மூன்று படுக்கையறை வீட்டுக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். 225 சதுர அடி வீட்டில் நமக்கு அதுவேதான் வரம். நமக்குத் தாண்டுவதற்குச் சுவரே இல்லை. பக்கத்து வீட்டு அலை நம் சுவரைத் தாண்டி வருவதற்குள் பாதி செத்துவிடும்.

அடுத்த ஞாயிறு மாஹிமில் ரயில் ஏறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற லேமிங்டன் ரோட்டுக்கு நடந்தேன். கடைக்காரர் நான்கு ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றை எடுத்து வைத்து "நல்லா இழுக்கும்" என்றார். ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பெட்டியில் இரண்டு அலைவரிசை என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 1,450 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கம்பெனி கொடுத்த பெட்டியின் பின்னால் லேன் வயரில் இணைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து எல்லோர் போனையும் அதில் மாற்றினேன். அன்று ராத்திரி எட்டரைக்கு வைஃபையிலேயே 90. மறுமாதமே பழைய 40 மெகாபிட் பிளானுக்கு இறங்கிவிட்டேன். சாயங்காலம் சுற்றி நிற்பது அன்றோடு முடிந்தது. என் அனுபவத்தில் பிளானை உயர்த்துவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே சோதனை அந்தத் தம்பி செய்ததுதான். லேன் வயர் 150 ரூபாய்க்குக் கிடைக்கும், பக்கத்து வீட்டில் இரவலும் கிடைக்கும்.

வேகத்தைப் பற்றிச் சீக்கிரமாகச் சொல்லி முடிக்கிறேன். முழு எச்.டி. படம் ஒன்று ஓட 5 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது, 4கே படத்துக்கு 15. எங்கள் டிவி 32 அங்குலம், அதில் 4கே கிடையாது. ஒரு டிவி, இரண்டு ஆன்லைன் வகுப்பு, என் வேலை, ஊருக்கு ஒரு வீடியோ கால் எல்லாம் சேர்த்தாலும் 30 மெகாபிட்டில் அடங்கிவிடும். 30 மெகாபிட் என்றால் நொடிக்கு 30 எம்.பி. இறங்கும் என்று நினைக்காதீர்கள். எட்டால் வகுக்க வேண்டும், நொடிக்கு 3.75 எம்.பி. டேட்டா அளவு பெரும்பாலான சின்ன பிளான்களில் மாதம் 3,300 ஜிபி, அதாவது ஒரு நாளைக்கு 110 ஜிபி. மே மாத விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேரும் நாள் முழுக்க வீட்டிலிருந்தும் நாங்கள் செலவழித்தது 412 ஜிபிதான். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

இரண்டாவது இணைப்பு கெட்டது வேறு காரணத்தால். 2023 மே மாதம் மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்ட ஆட்கள் வந்தார்கள். குறுக்கே கிடந்த ஃபைபர் வயர்களை நகர்த்தினார்கள், இரண்டு அறுந்தது. ஒன்று என்னுடையது. அதற்குள் எங்கள் ஏரியா வேறு ஏஜென்ட் கைக்கு மாறியிருந்தது, அந்தத் தம்பியும் வேலையை விட்டுப் போயிருந்தான். ஒன்பது நாள் வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு. நடுவில் "டெக்னீஷியன் வந்து சரி செய்துவிட்டார்" என்று போனுக்கு மெசேஜ் வேறு. யாரும் வரவில்லை.

அப்போது தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். புகார் கொடுத்தால் டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள், போனில் பேசிவிட்டு வைத்துவிடாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மேல்முறையீட்டு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அந்த மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. அதை வைத்துத்தான் போன ஒன்பது நாளுக்கான பணத்தை அடுத்த பில்லில் கழிக்க வைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பணம் சிறிதுதான், ஆனாலும் அதைக் கேட்டு வாங்கிய அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வயர் அறுந்த பத்தாம் நாள்தான் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

எங்கள் மொட்டை மாடியில் ஆறு கம்பெனியின் பெட்டிகள் இருந்தன. அவ்வளவு இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒன்றுக்கு மூடியே இல்லை, உள்ளே புறா கூடு கட்டியிருந்தது. ஒன்றின் வயர்கள் தண்ணீர்த் தொட்டிக் குழாயைச் சுற்றி, வெயிலில் உறை வெளுத்து வெடித்துக் கிடந்தன. இரண்டு பெட்டிகளிலிருந்து வயர்கள் தரையிலேயே ஓடின, கால் வைக்காமல் நடக்க முடியாது. மீதி இரண்டில் ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் இடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டிய பெட்டி, பூட்டு, கீழே பிளாஸ்டிக் குழாய், குழாய்க்குள் வயர்கள். ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப்பில் வீட்டு எண் எழுதி ஒட்டியிருந்தது. பெட்டியின் மேல் ஒரு போன் எண், கடைசியாக வந்து பார்த்த தேதி. யாரோ ஒரு பையன், யாரும் பார்க்காத இடத்தில், இவ்வளவு ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறான். என் லெட்ஜரை நான் எழுதுகிற மாதிரி இருந்தது.

கீழே வந்து வாட்ச்மேனிடம் கேட்டேன். எந்தக் கம்பெனி ஆள் கூப்பிட்டால் அன்றைக்கே வருகிறான், எந்த ஆளின் முகமே தெரியாது என்று அவருக்கு மனப்பாடம். பிறகு அந்தப் பெட்டியின் டேப்பில் எண் பார்த்து வைத்திருந்த வீடுகளில் ஆறு வீட்டுக் கதவைத் தட்டினேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. "கடைசியா எப்ப போச்சு, எத்தனை நாள்ல சரி பண்ணாங்க?" என்று கேட்டேன். ஒரு வீட்டில் போகவே இல்லை என்றார்கள். நான்கு வீட்டில் ஒரு நாள், ஒரு வீட்டில் இரண்டு நாள்.

அந்தக் கம்பெனியைத்தான் எடுத்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த கட்டடத்திலும் அதே கம்பெனிதான், ஆனால் வயர் இழுப்பது வேறு கான்ட்ராக்டர். அங்கே என் தோழி வீட்டில் மாதத்துக்கு ஒரு முறை போகிறது. நான் பெயரைச் சொல்லி, நீங்கள் அதை நம்பி ஆறு மாதப் பணம் கட்டி, உங்கள் மாடியில் அந்தப் பெட்டியில் புறா கூடு இருந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

விலைகளை மட்டும் பெயரோடு சொல்கிறேன், அது எல்லோருக்கும் பொது. ஜியோஃபைபரின் 30 மெகாபிட் பிளான் 399, வரியோடு 470 ரூபாய் 82 பைசா. ஏர்டெல்லின் 40 மெகாபிட் பிளான் 499, வரியோடு 588 ரூபாய் 82 பைசா. இந்த இரண்டும் 2020 செப்டம்பரில் வந்தவை. சின்ன பட்ஜெட்காரர்களுக்கு ஃபைபர் கைக்கெட்டியது அந்த மாதம்தான் என்பேன். வயர் ஏறி வர வழியே இல்லாத வீடுகளுக்கு 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் மும்பைக்கு வந்தது. மாடியில் ஒரு ஆன்டெனா, 5ஜி வழியாக இணைப்பு. அதன் அடிப்படை பிளான் 599, வரியோடு 706 ரூபாய் 82 பைசா, டேட்டா 1,000 ஜிபி. என் எல்லைக்கு மேலே போகிறது. வயர் வர வாய்ப்பிருக்கிற வீட்டில் அதற்கு அவசியமும் இல்லை. ஊரில் இருக்கிற என் தம்பி, "பிஎஸ்என்எல் 449க்கு இருக்கே, அத எடேங்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மும்பையும் தில்லியும் 1986இலிருந்து எம்டிஎன்எல் என்கிற இன்னொரு அரசுக் கம்பெனியின் ஏரியாவாக இருந்ததை அவனுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. எடுக்கிற அன்றைக்கு விலையை இன்னொரு தடவை பாருங்கள். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் 18 சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே ஒப்பிடுங்கள். இலவசமாக ஓடிடி சேர்த்துத் தருகிறோம் என்று விலையை ஏற்றினால், அந்த ஆப்பை உங்கள் வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அத்தை பார்க்கிற சீரியல் அதில் இல்லை, வேண்டாம் என்றுவிட்டேன்.

2023 ஜூனில் இணைப்பு கொடுக்க வந்த பையனிடம் மூன்று விஷயம் முன்கூட்டியே கேட்டேன். ரவுட்டரில் இரண்டு அலைவரிசையும் இருக்கிறதா, பில் என் பெயரில் வருமா, விட்டுப் போகும்போது ரவுட்டரைத் திரும்பக் கொடுத்தால் ரசீது தருவீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றான். வயரை எங்கே கொண்டுவர என்று கேட்டான். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வேண்டாம், வாசல் நிலைக்கு மேலே கொண்டுவா என்றேன். ஃபைபர் வயரை மடக்கினால் உள்ளே ஒளி கசிந்துவிடும், நம் சின்ன வீடுகளில் பீரோவை நகர்த்தும்போது நசுங்குவது அதுதான். கடைசியில் வீட்டுக்கு வந்து சேரும் ஒளி எவ்வளவு என்று பவர் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொன்னேன். மைனஸ் 19 காட்டியது. மைனஸ் 27ஐத் தாண்டினால் பெட்டி ஒளியைப் படிக்கத் திணறும். மைனஸுக்குப் பக்கத்தில் இருக்கிற எண் சின்னதாக இருந்தால் நல்லது, ஆனால் எட்டுக்கும் கீழே வந்தால் அதுவும் கூடுதல். அந்த எண்ணை பில்லின் பின்பக்கம் தேதியோடு எழுதி வைத்தேன்.

அது போன வருஷம் உதவியது. ஆகஸ்ட் மழையில் ஒரு நாள் சிவப்பு விளக்கு. வந்த பையனிடம் பழைய எண்ணைச் சொன்னதும் அவன் ரவுட்டரை அணைத்து அணைத்துப் பார்க்கவில்லை. நேராக அளந்தான், மைனஸ் 29. மேலே ஏறினான், பெட்டிக்குள் ஒரு இணைப்பை வெட்டி மறுபடி ஒட்டினான். மைனஸ் 20. போன் போட்டதிலிருந்து விளக்கு பச்சையாகும்வரை 22 மணி நேரம்.

கரண்ட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று ரவுட்டருக்கென்று ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன். மும்பையில் கரண்ட் அவ்வளவாகப் போகாது. ஆனால் 2020 அக்டோபர் 12 அன்று நகரம் முழுக்கப் போனதை நான் மறக்கவில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனிப் பெட்டி ஒன்று, உங்கள் ரவுட்டர் ஒன்று என்று இரண்டு இருந்தால் இரண்டுக்கும் வேண்டும்.

இந்த இணைப்பில் எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. மாதம் இரண்டு தடவையாவது போன் போட்டு மேல் பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். ஆப்பில் தமிழும் இல்லை, மராட்டியும் இல்லை. நான் இல்லாத நேரத்தில் லைன் போனால் அத்தையால் ஒரு புகார்கூடக் கொடுக்க முடியாது. இவ்வளவு பெரிய கம்பெனி இதைச் செய்யாமல் இருப்பது நியாயமில்லை. பணத்தை முதல் மூன்று மாதம் மாதாமாதம்தான் கட்டினேன். ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை என்றார்கள். ஒரு மழைக்காலம் தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். தாண்டியது, இப்போது சேர்த்துக் கட்டுகிறேன். இரண்டு வருஷத்தில் 11ஆம் தேதியோ 20ஆம் தேதியோ ஒரு தடவைகூடத் தவறவில்லை.

போன மாதம் இரண்டாம் மாடி அக்கா தையல் ஆர்டரை எல்லாம் போனில் எடுக்க ஆரம்பித்திருப்பதால் இணைப்பு வேண்டும் என்றார். "நீ எடுத்ததையே எனக்கும் சொல்லு" என்றார். அவரையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். என் கம்பெனிப் பெட்டியில் எட்டு இடமும் நிறைந்திருந்தது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பக்கத்துக் கட்டடத்திலிருந்து வயர் தொங்கவிட்டு வர வேண்டுமாம். அது வேண்டாமென்று அடுத்த பெட்டியைப் பார்த்தோம். இரண்டு வருஷத்துக்கு முன் வயர் தரையில் கிடந்ததே, அந்த இரண்டில் ஒன்று. இப்போது குழாய் போட்டு, டேப் ஒட்டி, பூட்டியிருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டோம், ஏஜென்ட் மாறிவிட்டார், இப்போது ஆள் ஒழுங்காக வருகிறான் என்றார். அக்கா அதைத்தான் எடுத்தார், மாதம் 588 ரூபாய் 82 பைசா. வேலைக்கு வந்த பையனிடம் பவர் மீட்டரை எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மைனஸ் 18.